சிப்பிக்கு அடியில் ஒரு காசு

அத்தியாயம் 11

குழி நான்கடி ஆழத்தைத் தொட்டபோது காலை மணி பதினொன்று. அதுவரை ஒரு எலும்புகூட வரவில்லை. வரும் என்று நம்பி வந்த மூன்று பேரும், வரக்கூடாது என்று நம்பி வந்த ஒருவரும் குழியைச் சுற்றி நின்றார்கள்.

வரக்கூடாது என்றிருந்தவர் வக்கீல் லைல். வர்ஜீனியாவின் ஃபென்விக் ஊரை 1774-ஆம் வருடத்திலேயே நிறுத்திவைத்து டிக்கெட் போட்டுக் காட்டும் அறக்கட்டளைக்கு அவர்தான் வாய். வெயில் எட்டிப்பார்க்காத அக்டோபர் சனிக்கிழமையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

வரும் என்றிருந்தவர்களில் முதல் ஆள் வெர்லின் ஓக்ஸ். ஐம்பத்தெட்டு வயது. ஊரின் பழைய சமையல் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டார்கஸ் என்ற அடிமைச் சமையல்காரியாக வேஷம் கட்டுகிறாள். வேஷம் என்று சொல்வதுகூடத் தப்பு. டார்கஸ் அவளுடைய சொந்த வம்சம். எட்டுத் தலைமுறைக்கு முன்னால் அதே அடுப்பில் முதலாளிக்குப் பன்றித்தொடை வேகவைத்தவள், செத்ததும் கயிறு திரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் மற்ற பதினெட்டுப் பேரோடு புதைக்கப்பட்டாள் என்பது ஓக்ஸ் குடும்பத்தின் வாய்வழிச் சேதி. கொட்டகைக்குப் பின்னால் இப்போது வெறும் புல்தரை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே புதிய பார்வையாளர் மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள்.

நீதிபதி ஒரே ஒரு சலுகை கொடுத்திருந்தார். ஒரே ஒரு குழி, வெர்லின் காட்டும் இடத்தில். ஒரு மனிதனின் மிச்சம் ஏதாவது கிடைத்தால் மாளிகை நிற்கும். கிடைக்காவிட்டால் அவள் வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

இரண்டாவது ஆள் லொரெட்டா கெய்ன்ஸ். முப்பது வருடம் போலீஸில் இருந்துவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறவள். வெர்லினுக்காக இந்த வழக்கை எடுத்து ஏழு வாரம் ஆகிறது.

மூன்றாவது ஆள் வெண்டெல் டக். லொரெட்டாவுக்கு உதவியாளன். அந்த வேலையில் வயிறு நிறையாததால் காலை வேளையில் ஃபென்விக்கின் தண்டோராக்காரன். மும்முனைத் தொப்பி, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கையில் மணி. தினமும் பத்து மணிக்கு இங்கிலாந்து ராஜா தேயிலைக்கு வரி போட்ட கதையைக் கூவிவிட்டு அப்படியே ஓடி வந்துவிடுவான். உடை மாற்ற நேரம் கிடைக்காது.

"ஒரே செய்தியை ஆறு வருஷமா கத்துறேன் பாஸ். ராஜா இன்னும் மனசு மாறலை" என்றான், குழியையே பார்த்துக்கொண்டிருந்த லொரெட்டாவிடம். அவள் சிரிக்கவில்லை. ஏழு வாரத்தில் அவள் சிரித்ததை அவன் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குழிக்குள் இருந்த ஐரிஸ் காம்ப்டன் கையைத் தூக்கினாள். நீதிமன்றம் அனுப்பிய அகழாய்வுக்காரி. கொத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பிரஷால் மெதுவாகத் தள்ளினாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிப்பி ஓடு எழும்பியது. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி குப்புறக் கிடந்தது.

வெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க ஆளுங்க சமாதிக்கு சிப்பிதான் வெப்பாங்க. டார்கஸ்தான். நான் சொன்னேன்ல மிஸ் லொரெட்டா, நான் சொன்னேன்ல."

ஐரிஸ் சிப்பியைப் புரட்டினாள். அடியில் ஒரு கால் டாலர் நாணயம். ஒருபக்கம் மும்முனைத் தொப்பி போட்ட ஒருவன் முரசடித்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் 1776–1976 என்று இருந்தது. அமெரிக்காவின் இருநூறாவது பிறந்தநாளுக்கு அரசாங்கம் அடித்துவிட்ட காசு.

வெண்டெல் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "என் படம் போட்ட காசா? எனக்கு யாரும் சொல்லவே இல்லை" என்றான். அந்த நேரத்துக்கு அது ஒட்டவில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஐரிஸ் குழியின் அடியைச் சுத்தமாகச் சீவிக் காட்டினாள். மஞ்சள் மண்ணில் ஆள் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு தடம், மூலைகள் வெட்டினாற்போல் நேராக. சவக்குழியேதான் என்றாள். ஆனால் உள்ளே எலும்பு இல்லை, ஆணி இல்லை, ஒரு பித்தான்கூட இல்லை. யாரோ பிரித்து, பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரும்ப மூடியிருக்கிறார்கள். அதற்கு அந்தக் காசுதான் சாட்சி. தோண்டுகிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடும்போது அடியில் அந்த வருடத்துக் காசு ஒன்றைப் போட்டு மூடுவார்கள். பின்னால் தோண்ட வருகிறவன், இங்கே நமக்கு முன்பே கை பட்டிருக்கிறது, இந்த வருடத்தில் பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

"ஆனா சிப்பி போட்டு மூடி நான் பார்த்ததில்லை. காசுல கீறல் விழக்கூடாதுன்னு யாரோ கவனமான ஆள் பண்ணின வேலை" என்றாள்.

லொரெட்டா நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தாள். அறக்கட்டளை நீதிமன்றத்தில் கொடுத்திருந்த பழைய அறிக்கை, இந்தப் புல்தரை மண்வெட்டியே படாத நிலம் என்று சத்தியம் செய்திருந்தது. இப்போது நான்கடி ஆழத்தில் கால் டாலர் இளிக்கிறது. லைல் முதன்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்சம் தள்ளிப்போய் போனில் பேசினார். வெர்லின் லொரெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிடம் வெண்டெலுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

லைல் திரும்பி வந்தபோது கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியிருந்தது. ஒப்பந்தத்தில் இருப்பது 'கிடைத்தால்' என்ற சொல், 'கிடந்திருந்தால்' அல்ல என்றார். அறிக்கை தவறாக இருக்கலாம், எழுதியவர்கள் எவரும் உயிரோடு இல்லை. இங்கே ஒரு சமாதி இருந்தது என்பதில் அறக்கட்டளைக்கு ஆழ்ந்த வருத்தம். இன்றைக்கு இல்லை என்பதில் ஆட்சேபம் இருக்காதே.

"ஒண்ணு காலி. மீதி பதினெட்டு?" என்றாள் லொரெட்டா.

"யாராவது சாட்சி சொன்னா நீதிபதி இன்னொரு குழிக்கு அனுமதி தரலாம். திங்கட்கிழமை ஒன்பது மணி வரைக்கும் கோர்ட் காது திறந்துதான் இருக்கும்." சொல்லிவிட்டு வக்கீல் தன் காரை நோக்கி நடந்தார்.

சாட்சி யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வெர்லினுக்கு இருக்கவில்லை. அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸ் அந்தக் காலத்தில் அறக்கட்டளையின் தோண்டும் குழுவில் இருந்தவர். நாலு பேர் குழு. மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யார் தோண்டினார்கள், எத்தனை தோண்டினார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. இதற்கு முன் ஏன் கேட்கவில்லை என்று லொரெட்டா விசாரித்தாள். கேட்டதாகவும், கேட்கும்போதெல்லாம் அவர் பேஸ்பால் ஆட்டத்தைச் சத்தமாக வைத்துவிடுவார் என்றும் வெர்லின் சொன்னாள். வழக்குப் போட்ட அன்று மட்டும், விட்டுடும்மா என்றாராம். மகளின் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சமையல் கூடத்தில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடுகிறவளைப் பார்க்க வெண்டெலுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஊழியர்களின் வண்டி நிறுத்தத்தில் லொரெட்டாவின் பழைய ப்யூக் நின்றது. பக்கத்துக் காரில் கவர்னரின் மனைவியாக வேஷம் கட்டுகிறவள், வளையம் வைத்த பாவாடையைக் கதவுக்குள் திணிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். கொல்லன் ஒருவன் டோப்பாவைக் கழற்றி பானெட்டில் காயவைத்துவிட்டுச் சாண்ட்விச் தின்றான். சுற்றுலாக்காரர்கள் கண்ணில் படாத இந்த ஒரு மூலையில்தான் ஃபென்விக்கில் 1774 முடிந்து இந்த வருடம் நடக்கும்.

"ஜெயிச்சுடுவோம்ல பாஸ்? ஏன் இப்படிப் பல்வலி வந்த மாதிரி முகம்?"

லொரெட்டா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "காசு வெக்கிறது யாரோட பழக்கம்?"

"ஒழுங்காத் தோண்டுறவங்களோடது."

"இது ஒழுங்காத் தோண்டினதா? அறிக்கையில கிடையாது, ஊருக்குத் தெரியாது. திருட்டுத்தனமாப் பண்ணின வேலை. நான் வந்துட்டுப் போனேன்னு அந்தத் திருடன் எதுக்குச் சீட்டு எழுதி வெச்சுட்டுப் போறான்?"

வெண்டெல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"போன மாசம் சூப்பர் மார்க்கெட்டுல என்ன பண்ணினே நீ?"

அது அவனுக்கு மறக்கக்கூடியது அல்ல. விடுமுறை நாளில், அரைக்கால் சட்டையோடு, பில் போடுகிற பெண்ணுக்குத் தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் வைத்தான். அவள் காவலாளியைக் கூப்பிடப் பார்த்தாள்.

"கை தானாப் பண்ணிடுச்சு" என்றான்.

"இங்கேயும் அதான். வந்தவன் போகும்போது கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, மிதியடியை நேராப் போட்டுட்டுப் போயிருக்கான். வெளியாள் இல்லை வெண்டெல். வீட்டு ஆளு."

நாலு பேரில் ஒருவன் என்கிறீர்களா என்று அவன் கேட்பதற்குள் வெர்லின் வந்துவிட்டாள். கையில் காகிதத்தில் பொதிந்த இஞ்சி கேக். அப்பாவுக்குப் பிடிக்குமாம்.

அப்பா இருந்த முதியோர் இல்லம் எட்டு மைல். வழியெல்லாம் வெர்லின் பேசிக்கொண்டே வந்தாள். பதினெட்டில் ஒன்று கிடைத்தால்கூடப் போதும், டார்கஸாகவே இருக்க வேண்டும் என்றில்லை, யாராக இருந்தாலும் அவள் தன் ஆளாக எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரையும் கூட்டி அந்தப் புல்தரையில் நிற்க வைக்க வேண்டும். வெண்டெல் தலையாட்டிக்கொண்டே வந்தான். லொரெட்டா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இல்லத்தின் நடையில் காப்பி இயந்திரம் இருந்தது. காப்பி கையில் இல்லாமல் போனால் அப்பா பேசவே மாட்டார் என்று வெர்லின் அங்கே நின்றுவிட்டாள். கடைசி அறைதான், கதவு திறந்தே இருக்கும், நீங்கள் போங்கள் என்றாள்.

எண்பத்தைந்து வயது ஆம்ப்ரோஸ் ஓக்ஸ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவியில் பேஸ்பால் ஆட்டம், சத்தமே இல்லாமல். சுவரில் ஒரு பழைய போட்டோ. மேஸ்திரி தொப்பி போட்ட இளைஞன், பக்கத்தில் நாலு மண்வெட்டி. கட்டிலை ஒட்டிய மேஜையில் தண்ணீர், பைபிள், கவிழ்த்துவைத்த ஒரு சிப்பி ஓடு.

லொரெட்டா அந்தச் சிப்பியைப் பார்த்தாள். வெண்டெல், லொரெட்டா பார்ப்பதைப் பார்த்தான். அவள் குனிந்து இரண்டு விரலால் அதைத் தூக்கினாள். அடியில் காது கேட்கும் கருவி பத்திரமாக இருந்தது.

வெண்டெல் ஏதாவது சொல்லி இந்த நிமிடத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். 

கிழவர் அப்போதுதான் திரும்பினார். அவர் கண்ணில் முதலில் பட்டது மும்முனைத் தொப்பியும் வெள்ளைக் காலுறையும். அறக்கட்டளையின் உடுப்பு. சட்டென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ட்ரஸ்ட்டுல இருந்து அனுப்பினாங்களா தம்பி?" என்றார். காது கேளாதவர்களின் பேச்சு. அறைக்கு அறை கேட்கும் குரல். "அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நான் வாயைத் திறக்கலைன்னு சொல்லு. என் பொண்ணு கேஸ் போட்டும்கூட நான் ஒண்ணும் சொல்லலை."

லொரெட்டா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கையால் அடங்கச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியிடம்தான் பேசினார்.

"ஜனவரி மாசம், ஊரை மூடிட்டு நாங்க நாலு பேரும் பத்தொம்போதையும் எடுத்தோம். ஒரு எலும்பு உடையலை. அப்போ ட்ரஸ்ட்டுத் தலைவரா இருந்த பெரியவர் சொன்னார், இருநூறாவது வருஷக் கொண்டாட்டத்துக்கு மேடை போடணும், இவங்களுக்கு வேற இடத்துல மரியாதையா அடக்கம் பண்ணுவோம்னு. பெட்டியில போட்டு லாரியில ஏத்திவிட்டோம். மார்ச்ல என்னை மேஸ்திரி ஆக்கினாங்க. எங்க கறுப்பு ஆளுங்கள்ல முதல் மேஸ்திரி நான்தான்."

வெண்டெல் தொப்பியைக் கழற்றிவிட்டான். அதனால் ஒரு பயனும் இல்லை. வாசலில் வெர்லின் நின்றுகொண்டிருந்தாள், மூன்று காப்பியையும் ஒரே தட்டில் ஏந்திக்கொண்டு. எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நடை முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். லொரெட்டாவிடமிருந்து கருவியை வாங்கி, தினமும் செய்கிறவள் போல அப்பாவின் காதில் பொருத்தி, திருகிச் சரிசெய்தாள். கிழவர் மகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதை விவரிக்க வெண்டெலுக்கு இன்றுவரை முடியவில்லை.

"எல்லாரையுமாப்பா?"

"எல்லாரையும்."

"எங்க கொண்டு போனாங்க?"

"கேக்கலை." இப்போது குரல் சின்னதாக வந்தது. "கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னமோ. நான் கேக்கலை."

"ஜூலை நாலாம் தேதி என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுப் பரேடு காட்டினீங்க. அந்த மேடையிலதானே நின்னோம்?"

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். காசு எதற்காக வைத்தீர்கள் என்று லொரெட்டா மெதுவாகக் கேட்டாள். என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றா? வெர்லினுக்காக அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று வெண்டெலுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

கிழவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்த முகமில்லை அது. நாற்பத்தெட்டு வருடம் பேசாமல்தான் இருந்திருக்கிறார்.

"காசு வெச்சேனா? ஞாபகம் இல்லையே. பத்தொம்போதுலயும் வெச்சிருப்பேன். குழியை மூடுறப்போ கை தானா வெச்சுடும்மா" என்றார்.

வெர்லின் இஞ்சி கேக்கைப் பிரித்து அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

கார் நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். என்ன செய்வது என்று வெர்லின்தான் முதலில் பேச்செடுத்தாள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"கேஸ் முடிஞ்சுது. உங்கப்பா பேர் பேப்பர்ல வரும். அனுப்பின பெரியவர் செத்து முப்பது வருஷம் ஆச்சு" என்றாள் லொரெட்டா.

"சொல்லலைன்னா?"

"கேஸ் முடிஞ்சுது."

வெர்லின் தலையசைத்தாள். லாரியைத் தேட முடியாதா என்று வெண்டெல் கேட்டான். எங்கிருந்து தொடங்குவது என்று லொரெட்டா திருப்பிக் கேட்டாள். ஓட்டியவன் பெயர் இல்லை, எண் இல்லை, காகிதம் இல்லை. அவள் துப்பறிந்த வழக்குகளில் குற்றவாளி இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது இல்லை. இத்தனை பயனில்லாமல் ஒப்புக்கொண்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐரிஸ் குழியை மூடினாள். மறுநாள் இயந்திரம் வந்து மொத்தத்தையும் அள்ளப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இந்த வருடத்துக் காசு ஒன்றை அடியில் போட்டுவிட்டுத்தான் மூடினாள். வெண்டெல் கூட நின்று மண் தள்ளினான். 

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இயந்திரச் சத்தம் தொடங்கியது. ஃபென்விக் விதிப்படி அதை இடி என்றுதான் சொல்ல வேண்டும். 1774-இல் புல்டோசர் கிடையாது. நீலவானத்தைக் காட்டி இடி என்று மூன்று பேருக்குச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குக் கூவுவதற்காக வெண்டெல் சமையல் கூடத்துப் பக்கமாக நடந்தான். வெர்லின் வந்திருக்க மாட்டாள் என்று நினைத்தான்.

வந்திருந்தாள். அதே ஏப்ரன், அதே தலைத்துணி, அடுப்பின்மேல் தொங்கும் இரும்புச் சட்டியில் நிலக்கடலை சூப். எட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். வெண்டெல் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

விதி அவளுக்கும் உண்டு. கூடத்துக்குள் அவள் டார்கஸ்தான், இன்னும் சாகாத டார்கஸ். பின்னால் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர் தினமும் ஒரு கேள்வி கேட்பார்கள், இருபத்திரண்டு வருடமாக அவளும் ஒரே பதில் சொல்வாள். கரண்டியைக் கொட்டகைப் பக்கம் நீட்டி, என் சனங்களோடு அங்கேதான் என்பாள்.

இன்றைக்குக் கேட்டது ஓஹையோ என்று எழுதிய பனியன் போட்ட ஒரு பெண். "டார்கஸ், நீ செத்தா உன்னை எங்க புதைப்பாங்க?"

வெர்லின் கரண்டியைத் தூக்கினாள். அது பாதி வழியில் நின்றது. ஜன்னல் வழியாக இயந்திரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டுக் கிண்டினாள்.

"எங்கப்பாவுக்கே தெரியாது" என்றாள்.

நல்ல நடிப்பு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். பனியன்காரப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள். வெண்டெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சதுக்கத்துக்குப் போய், மணியை அடித்து, ராஜா தேயிலைக்கு வரி போட்டிருக்கிறார் என்று கூவினான்.